புயல் அடித்தால் முதல் 3 நாள்: வீடு தாங்குமா?

ஐப்பசி பிறந்தால் அடைமழை. கார்த்திகை வந்தால் புயல் பயம். தமிழ்நாட்டு மக்களுக்கு இது புதிது அல்ல.

தமிழ்நாட்டில் ஒரு ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. இந்த மழை இல்லாவிட்டால் ஏரி நிறையாது, கிணறு ஊறாது. மழை வேண்டும். ஆனால் மழை தனியாக வருவது இல்லை. சில ஆண்டுகளில் வெள்ளத்தையும் புயலையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் மழைக்காலம் நெருங்கியதும் அரசாங்கம் தயாராகிறது. கால்வாய்களில் தூர் வாருகிறார்கள். படகுகளைத் தயார் செய்கிறார்கள். பள்ளிக்கூடங்களை நிவாரண முகாம் ஆக்குகிறார்கள். கலெக்டர்கள் கூட்டம் நடத்துகிறார்கள்.

எல்லா இடமும் தயாராகிறது. ஒரே ஒரு இடம்தான் தயாராவது இல்லை. அது நாம் குடியிருக்கும் வீடு!

கடந்த சில ஆண்டுகளில் வந்த புயலையும் வெள்ளத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தால், இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

மின்சாரம் போனால் எல்லாம் போச்சு!

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி தொடங்கி ஒரே நாளில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. சென்னையின் தென்பகுதி தண்ணீரில் மூழ்கியது. அந்த ஆண்டு பருவமழை, தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டது.

தண்ணீர் ஏறியதும் பல பகுதிகளில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆள் சாவான். ஆனால் மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் வீடுகளில் என்ன நடந்தது?

மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மிக்சியும் கிரைண்டரும் நின்றன, மாவு இல்லை. பிரிட்ஜில் வைத்த பால் கெட்டது. செல்போன் அணைந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழி இல்லை. அடுக்குமாடி வீடுகளில் லிப்ட் நின்றது. நாலாவது மாடியில் இருந்த முதியவர் கீழே இறங்க முடியவில்லை.

ஒரு கம்பி அறுந்தது. ஒன்பது வசதிகள் ஒன்றாக நின்றன. இன்றைய வீட்டின் பலவீனம் இதுதான். தண்ணீர், வெளிச்சம், சமையல், செய்தி, பணம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டி வைத்திருக்கிறோம்.

பணம் இருந்தும் பயன் இல்லை

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு இருந்தது. கையில் ரொக்கம் இல்லை. கடையில் அட்டையை நீட்டினால், மின்சாரம் இல்லாததால் கருவி வேலை செய்யவில்லை. வங்கியில் பணம் இருந்தும் மெழுகுவர்த்தி வாங்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து, ஊர்த் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள்.

2023-ம் ஆண்டு டிசம்பர் 3, 4-ந் தேதிகளில் மிச்சாங் புயலால் சென்னையில் விடாத மழை. புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவில், பாபட்லா அருகே! ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் வெள்ளம் வடியப் பல நாள் ஆனது. குழந்தைக்குப் பால் கிடைக்காமல் தாய்மார்கள் அலைந்தார்கள். கிடைத்த இடத்தில் சிலர் இஷ்டத்துக்கு விலை சொன்னார்கள்.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது.

இடம் வேறு; ஆண்டு வேறு; புயலின் பெயரும் வேறு. தவித்த விதம் மட்டும் ஒன்றுதான்.

ஏன் மூன்று நாள்?

உதவி வராமல் போவது இல்லை. வருகிறது. ஆனால் வெள்ளம் சூழ்ந்த தெருவுக்குள் லாரி வராது. விழுந்த மரத்தை வெட்டி அகற்றிய பிறகுதான் மின்சார ஊழியர் கம்பத்தை நட முடியும். பால் வண்டி வர, ரோடு தெரிய வேண்டும்.

மிச்சாங் புயல் நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் ரேஷன் கடைகளில் கொடுக்கத் தொடங்கிய நாள் டிசம்பர் 17. மழை கொட்டியதோ 3, 4-ந் தேதிகளில்! பணம் பிறகு வரலாம். பசி பிறகு வராது, அன்றே வரும்.

புயல் ஓய்வதற்கும் உதவி வீட்டு வாசலுக்கு வருவதற்கும் இடையே இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகிறது. அந்த மூன்று நாளை வீடுதான் தாங்க வேண்டும்.

அன்றைய வீடும் இன்றைய வீடும்

நம் பாட்டி காலத்து வீட்டில் குதிரில் நெல் இருந்தது. கொல்லையில் கிணறு இருந்தது. பரணில் விறகு இருந்தது. மாடத்தில் அரிக்கேன் விளக்கு இருந்தது. சித்திரை வெயிலில் காயவைத்த வற்றலும் வடகமும் ஐப்பசி மழைக்குச் சோற்றுக்குத் துணை ஆயின. கடலோர வீடுகளில் கருவாடு இருந்தது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1964-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து சென்ற ரெயிலையே கடல் விழுங்கியது. புயல் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று முன்கூட்டிச் சொல்ல இன்று உள்ள வசதி அன்று இல்லை.

இன்று நாலைந்து நாள் முன்னதாகவே எச்சரிக்கை வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் சேமிப்பு இல்லை. அன்று சேமிப்பு இருந்தது, எச்சரிக்கை இல்லை. இரண்டும் சேர்ந்த வீடுதான் பத்திரமான வீடு.

முதலில் தண்ணீர்

சோறு இல்லாமல் ஒரு வேளை இருக்கலாம். தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 4 குடம். அவ்வளவுதான்! புயல் எச்சரிக்கை வந்த அன்றே நாலு குடத்தைப் பிடித்து மூடி வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

குளிக்கவும் கழுவவும் தனித் தண்ணீர் வேண்டும். மின்சாரம் இருக்கும்போதே மாடித் தொட்டியை நிரப்பி இறுக மூட வேண்டும். காலித் தொட்டியைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். நிறைந்த தொட்டி அசையாது.

ஆழ்துளைக் கிணறு இருக்கிறது என்று நம்பி இருக்க முடியாது. அதில் மோட்டார்தான் இறங்கும், வாளி இறங்காது. திறந்த கிணறு உள்ளவர்கள் கயிறும் வாளியும் தயாராக வைப்பது நல்லது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. தரைத் தொட்டிக்குள் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும். அதை இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யும் வரை அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. எந்தத் தண்ணீராக இருந்தாலும் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, ஆற வைத்துக் குடிக்க வேண்டும்.

அடுப்பு எரியாவிட்டால்?

கியாஸ் சிலிண்டர் தீர்ந்துபோகும் நாள் யாருக்கும் தெரியாது. ஒரே சிலிண்டர் உள்ள வீட்டில், மழைக்காலம் தொடங்கும் முன்பே அடுத்ததற்குப் பதிவு செய்வது புத்திசாலித்தனம்.

அடுப்பே இல்லாமல் சாப்பிடும் பொருளும் கொஞ்சம் வேண்டும். இதற்கு வெளிநாட்டு டப்பா உணவைத் தேடிப் போக வேண்டாம். நம் அலமாரியிலேயே இருக்கிறது. அவலை நனைத்து வெல்லம் போட்டால் ஒரு வேளை ஆகாரம். பொரிகடலை, வேர்க்கடலை, சத்துமாவு, பேரீச்சம்பழம், பால் பவுடர் எல்லாம் கெடாமல் இருப்பவை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைவிட நல்ல உணவு இல்லை. வெள்ள நேரத்தில் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆகவே தாய்க்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

அரிசி, பருப்பு, புளி, உப்பு, எண்ணெய் ஆகியவை ஒரு வாரத்துக்கு இருந்தால் போதும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைத்துச் செலவு செய்தால் எதுவும் வீணாகாது.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில், சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஏப்ரல் 26-ந் தேதி முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். முதல் நாளான 25-ந் தேதி கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. கிருமியைத் தவிர்க்கப் போட்ட ஊரடங்குக்காக, மக்கள் தோளோடு தோள் உரசி நின்றார்கள்! மாதா மாதம் கால் கிலோ, அரைக் கிலோ கூடுதலாகச் சேர்த்தால் சேமிப்பு. கடைசி நாளில் ஓடிப்போய் மூட்டையாக அள்ளினால் பதுக்கல். முதலாவது வீட்டைக் காக்கும். இரண்டாவது, அடுத்த வீட்டுக்காரரின் சோற்றில் கை வைக்கும்.

வெளிச்சமும் மருந்தும்

வீட்டுக்கு ஒரு டார்ச் லைட் அவசியம். இருட்டில் கை வைத்தால் அகப்படும் இடத்தில் அது இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றினால், திரைச்சீலைக்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் ஜெனரேட்டர் ஓட்டுவதும் எமனை அழைப்பது போல. அந்த விஷப் புகைக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எச்சரிக்கை வந்ததும் செல்போனுக்கு முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டும். மின்சாரம் போன பிறகு அதில் படம் பார்க்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தால், செல்போன் கோபுரம் நின்றுபோனாலும் செய்தி வரும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு வாரத்துக்கு மாத்திரை, மருந்து கைவசம் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், பிரிட்ஜ் நின்றால் எப்படிப் பாதுகாப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. பிரசவ நாள் நெருங்கிய பெண்கள், மழை வலுக்கும் முன்பே ஆஸ்பத்திரி உள்ள ஊருக்குப் போய்விட வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, அடிக்கடி கொடுக்க வேண்டும். உப்பு அளவு கூடிவிடக் கூடாது. பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஒரு பையில் குடும்பம்

2015-ம் ஆண்டு வெள்ளத்தில் பலர் வீட்டுப் பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்தார்கள். நகல் கொடுக்க அரசாங்கம் தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது.

பத்திரங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி ஒரே பையில் வைக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, பத்து ரூபாயும் ஐம்பது ரூபாயுமாகச் சில்லறை நோட்டுகள், ஒரு மாற்றுத் துணி, ஒரு டார்ச் லைட் ஆகியவையும் அதே பையில் இருக்கட்டும். முக்கியமான போன் எண்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். செல்போன் அணைந்தால், சொந்த மகனின் எண்கூடப் பலருக்கு நினைவு இருப்பது இல்லை!

மாநிலப் பேரிடர் உதவிக்கு 1070. மாவட்டத்துக்கு 1077. ஆம்புலன்சுக்கு 108. போலீஸ், தீயணைப்பு உள்பட எந்த அவசரத்துக்கும் 112. கியாஸ் கசிந்தால் 1906. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு சுவரில் எழுதி ஒட்டச் சொன்னால், பிள்ளைக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

போ என்றால் போக வேண்டும்

அரிசியும் தண்ணீரும் இருக்கிறது என்று தைரியமாக வெள்ளத்துக்குள் உட்கார்ந்து இருப்பது தயார்நிலை ஆகாது. அது பிடிவாதம்.

1999-ம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013-ம் ஆண்டு பைலின் புயல் அதே ஒடிசாவைத் தாக்கியது. இறந்தவர் எண்ணிக்கை 50-க்கும் குறைவு. முன்கூட்டியே லட்சக்கணக்கான மக்களை மேட்டுக்கும் முகாமுக்கும் கொண்டுபோனதுதான் காரணம். கஜா புயலின்போது நம் மாநிலத்திலும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் தங்க வைக்கப்பட்டார்கள்.

அதிகாரிகள் வந்து கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் மின்சார மெயினை அணைக்க வேண்டும். சிலிண்டரை மூட வேண்டும். மாடு கன்றுகளைக் கட்டுத்தறியில் இருந்து அவிழ்த்துவிட வேண்டும். கட்டிப்போட்ட மாடு நீந்த முடியாமல் சாகும். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகவே கூடாது.

இல்லாதவர் வீட்டில் என்ன செய்வது?

இங்கே ஒரு கேள்வி எழும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பம் ஒரு வாரச் சேமிப்புக்கு எங்கே போகும்? ஆற்றோரக் குடிசையில் நாலு குடம் வைக்க இடம் எங்கே?

நியாயமான கேள்வி. புயல் பணக்காரன் வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஒன்றுபோல் அடிக்கிறது. ஆனால் எழுந்து நிற்க ஏழைக்கு நாள் கூடுதலாக ஆகிறது. ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சோறு போகிறது.

அவர்களுக்கு வீட்டுச் சேமிப்பு போதாது. தெருச் சேமிப்பு வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. பத்து வீடு சேர்ந்து வாரம் ஒரு பிடி அரிசி ஒதுக்கினால், மழைக்காலத்துக்குள் ஒரு மூட்டை சேரும். ஒரு பெரிய பாத்திரமும் நாலு கயிறும் பொதுவில் இருந்தால் ஒரு தெருவே பிழைத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு எடுத்துக்காட்டு, 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தென் மாவட்டங்களில் கிடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 17-ந் தேதி இரவு திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில், தண்டவாளத்தை வெள்ளம் அரித்துவிட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ரெயிலில் சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். அவர்களுக்கு முதலில் சோறு போட்டவர்கள் பக்கத்துக் கிராம மக்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். கிராமத்து வீடுகளில் அரிசி இருந்தது. அதனால் கொடுக்க முடிந்தது!

அரசாங்கத்தின் கடமை இதனால் குறைந்துவிடாது. வடிகால் கட்டுவது, ஏரியையும் சதுப்பு நிலத்தையும் ஆக்கிரமிப்பில் இருந்து காப்பது, அணையைத் திறக்கும் முன் கரையோர மக்களுக்கு நேரத்தோடு சொல்வது எல்லாம் அரசாங்கத்தின் வேலை. வீட்டில் நாலு குடம் தண்ணீர் வைத்ததால் அந்தக் கணக்கு தீர்ந்து போகாது. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டு வாங்கும் வரை உயிரோடு இருக்க, அந்த நாலு குடம் வேண்டும்.

வெயில் காலத்துக்கும் இதுவே

வெள்ளத்தில் மூழ்கிய அதே சென்னை, 2019-ம் ஆண்டு தண்ணீர் இல்லாமல் தவித்தது. ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் குடிதண்ணீர் வந்தது. ஒரு ரெயிலில் 25 லட்சம் லிட்டர்!

மழைநீரை வீட்டிலேயே சேமிக்க வேண்டும் என்று 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயம் ஆக்கப்பட்டது. குழாய் பதித்த பல வீடுகளில் அது இன்று மண் அடைத்துக் கிடக்கிறது. மொட்டை மாடியைப் பெருக்கி, அந்தக் குழாயின் அடைப்பை எடுக்க அரை நாள் போதும். கொல்லையில் ஒரு முருங்கை, தொட்டியில் நாலு கீரை, இரண்டு மிளகாய்ச் செடி இருந்தால், காய்கறி வண்டி வராத நாளிலும் குழம்பு கொதிக்கும்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் துடைத்து எடுத்து வைக்கிறோம். மழைக்காலம் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த நேரம்தான். அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி டார்ச் லைட் எரிகிறதா, மாத்திரை இருக்கிறதா, பத்திரப் பை எங்கே, குடங்கள் ஓட்டை இல்லாமல் இருக்கின்றனவா என்று குடும்பத்தோடு பார்த்துவிட்டால் போதும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. புயலைத் தடுக்க நம்மால் முடியாது. அது வரும்போது வீட்டில் நாலு குடம் தண்ணீரும் ஒரு வார அரிசியும் இருக்கச் செய்ய முடியும்.